நூற்றுக்கு 99 எடுத்தால் ஃபெயில்!

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவள். ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் நாலு வருஷமாக வேலை. இங்கிலாந்து போக முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கல் கனத்தில் ஒரு கைடைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

‘‘அங்கிள், நீங்க கணக்கு நல்லா சொல்லித் தருவீங்கன்னு அப்பா சொன்னாங்க. இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். இந்தக் கணக்குதான் பயமா இருக்கு.’’

உட்காரச் சொன்னேன். கைடைப் பிரித்தேன். அட்டையிலேயே ‘முப்பதே நாளில் முழு மதிப்பெண்’ என்று போட்டிருந்தது. முதல் கணக்கு இது: டாக்டர் எழுதியிருப்பது டிகாக்சின் 0.125 மில்லிகிராம். கையில் இருக்கும் மாத்திரை 0.25 மில்லிகிராம். எத்தனை மாத்திரை கொடுப்பீர்கள்?

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மந்திரம் சொன்னாள். ‘‘டி பை ஹெச் இன்ட்டு க்யூ.’’ கோச்சிங் சென்டரில் சொல்லிக் கொடுத்த சூத்திரம். எழுதினாள். மேலே 0.25, கீழே 0.125.

‘‘ரெண்டு மாத்திரை அங்கிள்.’’

‘‘நல்லாப் பாத்துச் சொல்லும்மா.’’

மறுபடி பார்த்தாள். ‘‘ஐயோ சாரி, மேல கீழ மாத்திட்டேன். பாயின்ட் ஃபைவ். அரை மாத்திரை.’’ சிரித்தாள். ‘‘எக்ஸாம்ல கவனமா இருப்பேன்.’’

என்னால் சிரிக்க முடியவில்லை. டிகாக்சின் இதயத்துக்கான மருந்து. வேண்டிய அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவே மிகக் குறைந்த இடைவெளி உள்ள மருந்துகளில் ஒன்று. அரை மாத்திரைக்குப் பதில் இரண்டு என்றால் நாலு மடங்கு.

அவள் தப்பு செய்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. தப்பு எல்லாரும்தான் செய்கிறோம். ‘ரெண்டு’ என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சின்ன சந்தேகம்கூட எட்டிப் பார்க்கவில்லை பாருங்கள், அதுதான் வயிற்றைக் கலக்கியது. டாக்டர் கேட்டிருப்பது ஒரு மாத்திரையில் இருப்பதைவிடக் குறைவு. அப்படியிருக்க ஒன்றுக்கு மேல் எப்படி வரும்? மார்க்கெட்டில் கால் கிலோ தக்காளி கேட்டு, கடைக்காரர் ஒரு கிலோ போட்டால் இந்தப் பெண் அடுத்த நொடி கையை நீட்டித் தடுத்திருப்பாள். சூத்திரத்தைக் கையில் கொடுத்ததும் அந்தப் புத்தி எங்கே போனது?

‘‘வார்டுல என்னம்மா பண்றே?’’ என்று கேட்டேன்.

‘‘வார்டுல பிரச்னை இல்லை அங்கிள். அங்க அரை மாத்திரைன்னே எழுதியிருப்பாங்க.’’

‘‘எழுதறவங்க தப்பா எழுதிட்டா?’’

பதில் இல்லை.

*

இந்த இடத்தில் நம் ஊர்க் கணக்கு ஒன்று சொல்ல வேண்டும். தசமப் புள்ளி வருவதற்கு முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் படித்த பின்னங்களுக்கெல்லாம் தனிப் பெயர் உண்டு. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கிக்கொண்டே போகும். 0.25 என்பது கால். 0.125 என்பது அரைக்கால்.

இப்போது அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். கையில் இருப்பது கால். டாக்டர் கேட்பது அரைக்கால். எத்தனை மாத்திரை? அந்தச் சொல்லிலேயே விடை இருக்கிறது. அரை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூடச் சொல்லிவிடுவாள்.

அந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் சொன்னேன். ‘‘அட, ஆமால்ல!’’ என்றாள். அந்த ‘அட’வுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நாலு வருஷம் கல்லூரி, நாலு வருஷம் வேலை, பதினெட்டாயிரம் ரூபாய் கோச்சிங் ஃபீஸ். இத்தனைக்குப் பிறகும் அந்த ‘அட’ அவளுக்குக் கிடைத்திருக்கவில்லை.

*

குற்றம் அவளுடையது இல்லை. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பத்தாம் வகுப்பில் பெண் கணக்கில் மார்க் குறைந்தால் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ‘இவளுக்குக் கணக்கு வராது. பயாலஜி க்ரூப் போட்டு நர்சிங்ல சேர்த்துடலாம்.’ பி.எஸ்ஸி. நர்சிங்குக்குப் பிளஸ் டூவில் கணக்குப் பாடம் கட்டாயம் இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். ஆக, பதினைந்து வயதில் கணக்குக்கு ஒரு பெரிய கும்பிடு. அதற்கு அப்புறம் எட்டு, பத்து வருஷம் கழித்து, வேலைக்கான பரீட்சையில்தான் மறுபடி அதன் முகத்தில் விழிக்கிறார்கள்.

நர்ஸுக்கு வேண்டிய கணக்கு என்ன பெரிய கணக்கு? பின்னம், தசமம், விகிதம், சதவீதம், கிராமை மில்லிகிராம் ஆக்குவது. அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு முடிந்துபோகிற சமாசாரம். எட்டாம் வகுப்புக் கணக்கைப் பார்த்து ஒரு பட்டதாரி நடுங்குகிறாள் என்றால், நாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது கணக்கை அல்ல, பயத்தை.

அதே பெண்ணின் அம்மா மாதாமாதம் ஏலச் சீட்டில் கழிவு போகத் தலைக்கு எவ்வளவு என்று வாய்க்கணக்காகச் சொல்கிறார். மார்கழியில் புள்ளி பிசகாமல் கோலம் போடுகிறார். அந்த வீட்டில்தான் ‘பொண்ணுக்குக் கணக்கு வராது’ என்கிறார்கள்!

*

‘நர்ஸ் பரீட்சை எழுதினால் எனக்கென்ன?’ என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எழுந்து போய் உங்கள் வீட்டு மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீடென்றால் பாரசிட்டமால் பாட்டில் இருக்கும். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லியில் 100.

டாக்டர் உங்கள் குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டிலில் 6 மில்லி. இரண்டாவதில் 3 மில்லி. சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. மருந்து ஒன்றுதான், காய்ச்சல் ஒன்றுதான், அளவு மட்டும் மூன்று. ‘போன தடவை ஆறு மில்லிதானே கொடுத்தோம்’ என்று அதே ஆறைச் சொட்டு மருந்திலிருந்து கொடுத்தால் 600 மில்லிகிராம் உள்ளே போகும். நாலு மடங்கு. ஈரலைப் பதம் பார்க்கிற விஷயம் இது.

அடுத்து, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் வீடுகள். இந்தியாவில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது ஒன்று. ஊசியும் இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி. 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ‘20’ என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வந்திருப்பது 20 யூனிட் அல்ல, 50. இரண்டரை மடங்கு. ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை விழுந்து, காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார்.

என் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது இது நடக்கவிருந்தது. சின்ன மருத்துவமனை. பெயர் வேண்டாம். சிவப்பு மூடி ஊசியில் 100 யூனிட் மருந்தை இழுத்துக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு வயதான நர்ஸ் திரும்பிப் பார்த்து, ‘‘நில்லு, மூடி என்ன கலர்?’’ என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் என் அப்பா அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். அந்த அம்மாவுக்கு எந்த சூத்திரமும் தேவைப்படவில்லை. இது பொருந்தவில்லையே என்று கண்ணுக்கு உறுத்தியது. அந்த உறுத்தல்தான் நர்ஸுக்கு வேண்டிய கணக்கு.

*

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்கா என்று கேட்பீர்கள். இல்லை. 2006 செப்டம்பரில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபாரின் மருந்து ஆயிரம் மடங்கு வீரியத்தில் கொடுக்கப்பட்டு மூன்று குழந்தைகள் இறந்தன. அடுத்த வருஷமே, 2007 நவம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் க்வெயிடின் இரட்டைக் குழந்தைகளுக்கு அதே தப்பு. மில்லிக்கு 10 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 10,000. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தைகள். பிழைத்தது பெரும் பாக்கியம். வித்தியாசம், லேபிளில் மூன்று பூஜ்யம்.

2010-ல் சியாட்டில் நகரத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. எட்டு மாதக் குழந்தை, ஏற்கெனவே இதயக் கோளாறு. 140 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு கொடுக்க வேண்டும். கொடுக்கப்பட்டது 1.4 கிராம். அதாவது 1,400 மில்லிகிராம். ஒரு புள்ளி ஒரு இடம் நகர்ந்துவிட்டது. பத்து மடங்கு. குழந்தை சில நாளில் இறந்தது. கொடுத்தவர் அனுபவம் இல்லாத சின்னப் பெண் அல்ல. இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். தப்பை அவரே ஒப்புக்கொண்டார். வேலை போனது. ஏழு மாதத்தில் அவர் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். ஒரு புள்ளிக்கு இரண்டு உயிர் என்று நான் எழுத மாட்டேன், ஏனென்றால் குழந்தை எப்படியும் மோசமான நிலையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் புள்ளி அந்த நர்ஸை விடவில்லை.

இப்படித் தப்பான மருந்து, தப்பான அளவு எல்லாவற்றாலும் உலகத்துக்கு ஆகும் செலவு வருஷத்துக்கு 42 பில்லியன் டாலர் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மதிப்பிட்டது. டாலரை விடுங்கள். டாலரில் வராத செலவுதான் அதிகம்.

*

இதனால்தான் இங்கிலாந்தில் ஒரு கறார் வைத்திருக்கிறார்கள். அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சில் 2018-ல் வெளியிட்ட பயிற்சி விதிகளின்படி, நர்சிங் மாணவர்கள் மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் பாஸ். 99 எடுத்தால் ஃபெயில். நம் பெண்ணைப் போல வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கான கம்ப்யூட்டர் தேர்விலும் 2021 ஆகஸ்ட் முதல் கணக்குக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. 15 கேள்வி, அரை மணி நேரம்.

முதலில் கேட்டபோது, ‘இது என்ன அநியாயம், நூற்றுக்கு நூறா?’ என்றுதான் எனக்கும் தோன்றியது. நாம் 35 வாங்கினால் பாஸ் என்று வளர்ந்தவர்கள். 90 வாங்கினால் தெருவுக்கே இனிப்பு கொடுப்பவர்கள். அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி வார்டில் ஒரு நர்ஸுக்கு இருபது நோயாளி. ஆளுக்கு ஐந்து மருந்து. ஆக நூறு தடவை மருந்து கொடுக்க வேண்டும். நூற்றுக்கு 99 என்றால் தினம் ராத்திரி ஒருவருக்குத் தப்பான மருந்து. அந்த ஒருவர் யார்? உங்கள் அம்மாவாக இருக்கலாம்.

அமெரிக்காவின் என்கிளெக்ஸ் தேர்வில் மருந்துக் கணக்குக்கு நாலு விடை கொடுத்து டிக் அடிக்கச் சொல்வதில்லை. கட்டத்தில் எண்ணை நீங்களே அடிக்க வேண்டும். கால்குலேட்டரைத் திரையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஏன் கொடுக்கிறார்கள்? பெருக்கல் தெரியுமா என்பது அவர்கள் கேள்வியே இல்லை. எதை எதால் வகுப்பது, வந்த விடையை ஒரு மனுஷனுக்குக் கொடுக்கலாமா என்று தெரியுமா என்பதுதான் கேள்வி.

*

இந்தக் கேள்விக்கு நம் கோச்சிங் சென்டர்கள் கண்டுபிடித்திருக்கும் பதில்தான் மந்திரம். சூத்திரத்தை உருப்போடு. போன பரீட்சைக் கேள்விகளை உருப்போடு. ‘இந்த மாதிரி வந்தா இந்த ஆன்சர்’ என்று உருப்போடு. நம் பெண்ணின் கைடில் பல கணக்குகளுக்கு விடை மட்டும்தான் இருந்தது, வழி இல்லை. இரண்டு இடத்தில் விடையே தப்பு. அவள் அந்தத் தப்பு விடையையும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்!

இது வேலைக்கான படிப்பு அல்ல, வேலிக்கு அடியில் நுழைகிற வித்தை. அதன் அடுத்த படி என்ன என்று அமெரிக்காவில் பார்த்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமாக்களை விற்றது அம்பலமானது. விசாரணைக்கு வைத்த பெயர் ஆபரேஷன் நைட்டிங்கேல். அதில் வேடிக்கை கேளுங்கள். போலி டிப்ளமா வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் அரசாங்கத் தேர்வை எழுதி, அதில் பாஸும் செய்துவிட்டார்கள்! பாஸ் என்பது வேறு, தெரியும் என்பது வேறு என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

‘கணக்கெல்லாம் இப்ப மெஷினே போட்டுடுது சார்’ என்பார்கள் சிலர். மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப் இருக்கிறது, உண்மை. 5 என்று அடித்தால் 5 ஏற்றும். 50 என்று அடித்தால் 50 ஏற்றும். ‘ஏம்மா, இந்தக் கட்டிலில் இருப்பது குழந்தையாச்சே’ என்று பல பம்புகள் கேட்காது. கேட்க வேண்டியது அதன் முன்னால் நிற்கிறவர்.

‘டாக்டர் கிறுக்கி எழுதினால் நர்ஸ் என்ன செய்வார்?’ என்பது நியாயமான கேள்வி. மருந்துச் சீட்டைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதியே திருத்தியது. .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும், 0.5 என்று எழுது. 1.0 என்று எழுதினால் 10 ஆகிவிடும், வெறும் 1 எழுது. யூனிட்டுக்கு ஆங்கில ‘யு’ போட்டால் பூஜ்யம் மாதிரி தெரியும், முழுசாக எழுது. இதையெல்லாம் அமெரிக்காவில் 2004-லேயே தடைப் பட்டியலாகப் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் எத்தனை சீட்டுகளில் இது நடக்கிறது என்று உங்கள் பையில் இருக்கும் சீட்டை எடுத்து நீங்களே பாருங்கள்.

*

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நர்ஸ்களுக்கு மட்டும் உபதேசம் செய்தால் அது அயோக்கியத்தனம்.

சாதாரண மருத்துவமனையின் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். போதனா மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர். நீங்கள் கடைசியாகப் போன வார்டில் எத்தனை கட்டில், எத்தனை நர்ஸ்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனையில்கூட மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று, 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்தது. 2017 நவம்பரில் நம் அரசு ஒப்பந்த நர்ஸ்கள் சென்னையில் திரண்டு உட்கார்ந்து போராடியபோது அவர்கள் வாங்கிக்கொண்டிருந்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்.

இருபது கட்டிலை ஒருத்தி தலையில் கட்டி, பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்து, ராத்திரி மூன்று மணிக்கு அவளிடம் தசமப் புள்ளியைச் சரியாக வை என்று சொன்னால், புள்ளி நகரத்தான் செய்யும். நகர்ந்த பிறகு அவளை மட்டும் பிடித்துக் காவல் நிலையத்தில் உட்காரவைப்போம். ஆள் குறைத்து லாபம் பார்த்த நிர்வாகம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ‘உள்விசாரணை’ நடத்தும்.

அதனால் பரீட்சையே வேண்டாமா? வேண்டும். இன்னும் கடுமையாக வேண்டும். ஆனால் சரியான பரீட்சையாக வேண்டும். என் கோரிக்கைகள் நாலு.

ஒன்று, நர்சிங் கல்லூரிகள் மருந்துக் கணக்கை மற்ற பாடத்துக்குள் ஒரு மூலையில் வைக்காமல் தனித் தேர்வாக வையுங்கள். ‘அதை நான் சாய்ஸ்ல விட்டுட்டேன் அங்கிள்’ என்று நம் பெண் சொன்னாள். உயிரைச் சாய்ஸில் விட முடியுமா? வருஷாவருஷம் தேர்வு, பாஸ் மார்க் நூறு. எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி எழுதட்டும். அவமானம் இல்லை.

இரண்டு, வேலைக்கு எடுக்கும் நிர்வாகங்கள், ஆற்றில் படகு போகும் வேகம், பாலத்தைத் தாண்டும் ரயில் என்று கேட்பதை விட்டுவிட்டு, மேஜை மேல் நிஜ மருந்துக் குப்பியை, நிஜ ஊசியை, நிஜ டிரிப் செட்டை வையுங்கள். ‘இந்த 500 மில்லி சலைனை நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஓடவிட்டுக் காட்டு’ என்று சொல்லுங்கள்.

மூன்று, ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் அல்ல, வார்டில் நடத்துங்கள். அதற்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். இரண்டாவது ஆளை வேலைக்கு எடுங்கள்.

நாலு, கேள்வி கேட்கிற நர்ஸைத் திட்டாதீர்கள்.

*

பரீட்சைக்குத் தயாராகும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. சூத்திரத்தைத் தொடும் முன் விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று வாயால் சொல்லிப் பழகுங்கள். ஒன்றுக்கு மேலா, கீழா? ஒரு ஊசியில் அடங்குமா, வாளியில் கொண்டுவர வேண்டுமா? விடை ‘பதினைந்து மாத்திரை’ என்று வந்தால் தலை நிமிர்ந்து யோசியுங்கள். பதினைந்து மாத்திரையை ஒரே வேளைக்கு யாருக்காவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

எண்ணை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் மில்லிகிராமா, மைக்ரோகிராமா, மில்லியா என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவே இருப்பது ஒரு எழுத்து அல்ல, ஆயிரம் மடங்கு.

கணக்கைக் கைக்கும் கண்ணுக்கும் கொண்டுவாருங்கள். அந்த 500 மில்லி சலைன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால் மொத்தம் பத்தாயிரம் சொட்டு. நாலு மணி நேரம் 240 நிமிஷம். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கட்டில் அருகே நின்று ஒரு நிமிஷம் எண்ண யாருக்கு நேரம் இருக்கிறது? பத்து விநாடிக்கு ஏழு சொட்டு என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இதையே குழந்தைகளுக்கான, மில்லிக்கு 60 சொட்டு விழும் செட்டில் ஏற்றினால் நிமிஷத்துக்கு 125. எந்த செட் என்று உறையைப் படிக்காமல் சூத்திரம் போட்டால் சூத்திரம் சரி, நோயாளி கதி அதோகதி.

*

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கை விளக்கேந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நர்சிங் கல்லூரிகளில் மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள். கண்ணில் நீர் வரும், நல்ல காட்சி. ஆனால் அந்த அம்மாள் இன்னொரு கையில் வைத்திருந்தது கணக்கு நோட்டு. கிரிமியப் போரில் சிப்பாய்கள் குண்டடியால் செத்ததைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்ததுதான் அதிகம் என்று மாதம் மாதமாக எண்ணி, அதை 1858-ல் வட்டப் படமாக வரைந்து அரசாங்கத்தின் மூஞ்சிக்கு நேரே நீட்டியவர். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். நாம் விளக்கை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுக் கணக்கை ஒளித்து வைத்துவிட்டோம்.

நம் பெண் ஐந்து ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கைடை நான்காவது வாரமே பரணில் போட்டுவிட்டாள். அதற்குப் பதில் காலி மருந்துக் குப்பிகளையும் உறைகளையும் பையில் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள். லேபிளைப் பார்த்துத் தானே கேள்வி தயாரித்தாள். அவளுக்குப் பரீட்சை அடுத்த மாதம்தான். போன வாரம் டியூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

‘‘அங்கிள், நேத்து நைட் ஒரு சார்ட் பாத்ததும் என்னவோ இடிச்சுது. அந்த வெயிட்டுக்கு அந்த டோஸ் ரொம்ப அதிகமா பட்டுது. டாக்டரை எழுப்பிக் கேட்டேன்.’’

‘‘என்ன சொன்னார்?’’

‘‘செமத்தியா திட்டினார். அப்புறம் வந்து பாத்துட்டு மாத்தி எழுதினார்.’’

நன்றி சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த முறை நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ மருத்துவமனையில் இருக்கும்போது, ஒரு நர்ஸ் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குப்பியை இரண்டு தடவை படித்து, இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினால், ‘இவ்வளவு நேரமா சிஸ்டர்?’ என்று தயவுசெய்து அலுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்கள் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.